ருசி மட்டும் பார்த்தேன்

பள்ளிப் பிள்ளைகளின் இலவச உணவுக்கு அரசாங்கம் தட்டுக்கு இவ்வளவு என்று தருகிற தொகை உயர்ந்துவிட்டது. இதை எனக்குச் சொன்னவர்கள், நான் வேலை பார்த்த அதே பிரிவில் இப்போது வேலை பார்க்கிற இளைஞர்கள். ஈப்போவில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு என்னை அழைத்துப்போய் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்கள். பணி ஓய்வு பெற்றவனுக்கு இப்படி யாராவது தேநீர் வாங்கிக் கொடுத்தால் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை.

கவிதா என்ற பெண்தான் கேட்டாள். “சார், இப்ப ரேட் கூட்டியும் பத்தலன்னு கேண்டின்காரங்க போன் பண்ணிட்டே இருக்காங்க லா. அந்தப் பழைய ரேட்டுல எப்படி சார் சமாளிச்சாங்க?”

“சமாளிச்சாங்கம்மா. அப்ப எல்லாருக்கும் மனசு இருந்துச்சு” என்றேன், பெரிய ஞானியைப் போல. எல்லோரும் தலையாட்டினார்கள். ஓய்வு பெற்றோர் ஒன்றுகூடலுக்குச் சிறப்பு மலர் ஒன்று போடுகிறோம், அதில் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியபிறகுதான் நான் சொன்ன அந்த வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. மனசு இருந்தது உண்மைதான். அது யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மலருக்கு ஏற்ற கட்டுரையாக இது இருக்காது, ஆனால் எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

என் ஆரம்பக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா பால் மரம் வெட்டினார், மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபிறகு குலை வெட்டினார். நான் படித்தேன், குமாஸ்தா ஆனேன், மாற்றலில் நாலைந்து ஊர் சுற்றினேன். கடைசியில் ஒரு மாவட்டக் கல்வி அலுவலகத்தில், பள்ளிகளின் துணை உணவுத் திட்டத்தைக் கவனிக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அந்தப் பிரிவில் தமிழன் நான் ஒருவன்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

திட்டம் எளிமையானது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தினமும் ஒரு வேளை உணவு. சமைப்பவர் கேண்டின் ஒப்பந்தம் எடுத்தவர். எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்களோ அத்தனை தட்டுக்கு மாதம் முடிந்ததும் கணக்கு வரும், நாங்கள் சரிபார்த்து அனுப்பினால் பணம் போகும். அன்றைக்கு மழை பெய்து பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்றால், சமைத்த மீதித் தட்டுக்குக் காசு கிடையாது. தட்டுக்குக் கிடைப்பதோ கடையில் ஒரு தே தாரிக் குடித்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அதற்குள் சோறு, கோழியோ மீனோ முட்டையோ, காய், பழம் எல்லாம் வேண்டும். என்றைக்கு எது என்று சுழற்சிப் பட்டியல் உண்டு. பட்டியலை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய பள்ளிக்கும் சின்னப் பள்ளிக்கும் அதே ரேட். முந்நூறு தட்டுப் போடுகிறவருக்கும் நாற்பது தட்டுப் போடுகிறவருக்கும் சமையல் எரிவாயுத் தோம்பு ஒரே விலைதான். ஆண்டின் முதல் பணம் வந்து சேர எப்போதும் தாமதமாகும். அதுவரை கேண்டின்காரர்கள் மளிகைக் கடைக் கடனில்தான் ஓட்டுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

என் மேலதிகாரி புவான் ரோஹானா; புவான் என்றால் மலாயில் திருமதி. குள்ளமான அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். பள்ளிக்குச் சோதனைக்குப் போனால் தலைமையாசிரியர் அறையில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள். இவர் அந்தப் பக்கமே போகமாட்டார். நேராகக் கேண்டினின் பின்பக்கம் போய், பிள்ளைகள் மிச்சத்தைக் கொட்டுகிற எச்சில் வாளியைக் குனிந்து பார்ப்பார். கையில் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். அதைக் கொண்டு கிளறிப் பார்ப்பார். பிறகு கை கழுவிவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தட்டு முழுதும் சாப்பிடுவார். காகிதங்களைத் தொடுவது அதற்குப் பிறகுதான். நான் தனியாகப் போய்வந்தால் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. “ஹாபிஸ்?” தீர்ந்ததா என்று அர்த்தம். தட்டுகள் காலியானதா, அதைச் சொல், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

ஒருமுறை ஒரு பெரிய பள்ளிக்கு அவரோடு போனேன். அன்றைக்குப் பட்டியலில் மீன். பட்டியலில் உள்ளபடி மீன், பட்டியலில் உள்ளபடி காய், துண்டின் அளவுகூடச் சரி. கேண்டின்காரர் கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். வாளி நிறைய மீன், ஒரு கடி கடித்துத் துப்பியது. அந்த அம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார், முகம் மாறவில்லை, மெதுவாக விழுங்கினார். “எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். பிள்ளைகள்தான் சாப்பிடவில்லை” என்றார். அன்றைய தொகை முழுவதும் வெட்டு. திரும்பி வரும்போது காரில் என்னிடம் சொன்னார்: “மாரி, சமைத்ததற்கு இல்லை, சாப்பிட்டதற்குத்தான் நாம் காசு தருகிறோம்.” அதை எங்கெங்கோ, யார் யாரிடமோ எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பயிற்சிப் பட்டறைகளில் கைதட்டுகூட வாங்கியிருக்கிறேன்.

இனி கோகிலா அக்காவுக்கு வருகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் போய்விட்டது, பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் நின்றது. பெற்றோர்கள் விடியுமுன் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைப்பதுதான் அன்றைய முதல் சாப்பாடு. கேண்டின் எடுத்திருந்தவர் கோகிலா. என்னைவிட வயதில் சின்னவர்தான், ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கணவர் லாரி ஓட்டினார். அத்தனை சின்னப் பள்ளியின் கேண்டினை வேறு யாரும் ஏலத்தில் கேட்கவில்லை. “நம்ம புள்ளைங்க படிச்ச ஸ்கூலு சார், மூடிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?” என்று எடுத்தவர்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு காவடியோ பால்குடமோ எடுப்பார்கள். ஒருவர் எடுத்தால் வீடே விரதம், அடுப்பில் சைவம்தான், பிள்ளைகளும் அப்படித்தான். நானும் விரதத்தில் இருந்தேன். முகத்தைச் சவரம் செய்யாமல், காலையில் வெறும் காப்பியோடு கிளம்பிப் பள்ளி பள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பட்டியலில் கோழி.

போனதும் வழக்கப்படி பின்பக்கம் போய் வாளியைப் பார்த்தேன். இடைவேளை முடிந்து பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியில் கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், வாழைப்பழத் தோல். வேறொன்றும் இல்லை. ஒரு சோற்றுப் பருக்கைகூட இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் கோழியும் இல்லை. சாம்பார், சோயாத் தவ்வுப் பிரட்டல், பயத்தங்காய்ப் பொரியல், ஆளுக்கொரு பழம், ஒரு கரண்டி ஜவ்வரிசிப் பாயசம்.

“கோழி எங்கக்கா?”

“புள்ளைங்க முக்காவாசி விரதம் சார். போன வாரம் கோழி போட்டேன், அப்படியே தட்டோட திருப்பிக் குடுத்துட்டு வெறுஞ்சோத்த தின்னுதுங்க. மனசு கேக்கல. அதான் இந்த வாரத்துலேர்ந்து பூசம் வரைக்கும் எல்லாருக்கும் சைவம்.”

“விரதம் இல்லாத பிள்ளைக்குக் கோழி தரலாமே?”

“ரெண்டு அடுப்பு வெச்சா இந்த ரேட்டுல கட்டுமா சார்? கோழி வெலைக்குப் பதிலாத்தான் பழமும் பாயசமும் சேர்த்துக் குடுக்குறேன். எனக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல, வேணும்னா கடக்கார பாய்கிட்ட கேட்டுப் பாருங்க.”

“அனுமதி வாங்கினீங்களா?”

அவர் சிரித்தார். “ஹெட்மாஸ்டர் சார்தான் சொன்னாரு, மிஸ்டர் மாரிதானே வருவாரு, நம்ம ஆளு, புரிஞ்சிக்குவாருன்னு.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சாரும் விரதமா? தாடியப் பாத்தாலே தெரியுதே. வாங்க சார், உக்காருங்க. சுத்தமா செஞ்சது, தைரியமா சாப்பிடலாம்.”

உட்கார்ந்தேன். பசி. அந்தச் சாம்பாரின் மணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். “இன்னும் கொஞ்சம் போடவா சார்? வெக்கப்படாதீங்க லா” என்று கேட்டார். நான் வெட்கப்படவில்லை. இரண்டாம் தட்டையும் வழித்துச் சாப்பிட்டேன், பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அவர் தமக்கென்று வைத்திருந்ததிலிருந்து எனக்குப் போட்டார் என்பது எழுந்து கை கழுவும்போது கண்ணில் பட்டது. பாத்திரங்கள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

கை கழுவிவிட்டு வந்து, பட்டியல் மாற்றப்பட்டது, அனுமதி இல்லை, சைவம் போடும் நாட்கள் அத்தனைக்குமான தொகையை நிராகரிக்கப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? அப்போது நான் சொல்லிக்கொண்ட காரணம் ஒழுங்குமுறை. உண்மைக் காரணம் அந்த ‘நம்ம ஆளு.’ கணக்காய்வு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோழிக்குப் பதில் மலிவாக எதையாவது போட்டுக் கேண்டின்காரர்கள் இலாபம் பார்க்கிறார்கள் என்று கணக்காய்வாளர்கள் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் வேறு, தமிழ்ப்பள்ளிக் கோப்பு எது வந்தாலும் “மாரி பூஞா கம்போங்”, மாரியோட சொந்த ஊர் என்று ஒரு கேலி ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா வாய்க்கு வந்த கேலிதான். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. நான் யாருக்கும் சாய மாட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது. மற்ற பள்ளிகளில் ஒரு வார்த்தை கண்டித்துவிட்டு விடுகிற குற்றத்துக்குத் தமிழ்ப்பள்ளியில் முழு வெட்டு வெட்டினேன். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். என்னைப் போன்றவர்கள் அரசாங்க அலுவலகங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியும்.

பரிந்துரை செய்வது நான், முடிவெடுப்பது புவான் ரோஹானா. தலைமையாசிரியரும் கோகிலா அக்காவும் மேல்முறையீட்டுக்கு அவரைப் பார்க்க வந்தார்கள். அக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம் நின்றேன். தலைமையாசிரியர் விரதத்தைப் பற்றி விளக்கினார், அனுமதி கேட்காதது தம் பிழை என்று ஒப்புக்கொண்டார். அம்மாள் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு ரமலான் நோன்பு தெரியும், விரதத்தை விளக்க வேண்டியதே இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“மாரி, ஹாபிஸ்?”

அந்த அறையில் முடிவு அந்த ஒரு சொல்லில் இருந்தது. எனக்கும் அது தெரியும். ‘ஹாபிஸ்’ என்று நான் திருப்பிச் சொல்லியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் தீர்ந்தது என்று சொன்னால், நீ சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன், இரண்டு தட்டு, என்று சொல்ல வேண்டும். விரதக்காரன் விரதச் சாப்பாட்டை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, அதற்குக் காசு தராதே என்று எழுதியிருக்கிறான் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

“எனக்குத் தெரியாது புவான். அவசரமாக வேறொரு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. ருசி மட்டும் பார்த்தேன்” என்று மலாயில் சொன்னேன்.

கோகிலா அக்காவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். தொப்பியின் வாரைப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். என் மானத்தை அவர் காப்பாற்றினார். அதற்கு அவர் கொடுத்த விலை அவருடைய கேண்டின்.

அம்மாள் கோப்பை இழுத்து நிராகரிப்பில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலேயே போனேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டே கேட்டார். “சாப்பாடு நல்லா இல்லையா சார்?”

“ரூல்ஸ் அப்படிக்கா” என்றேன்.

ஆண்டுத் தொடக்கம், முதல் பணமே வராத நேரம். வந்ததில் அந்த வாரங்கள் மொத்தமும் இல்லை. மளிகைக் கடை பாய் நல்ல மனிதர், அவரும் எத்தனை நாள்தான் அரிசி தருவார்? கோகிலா அக்கா கொஞ்ச காலம் தம் நகையை அடகு வைத்துச் சமைத்தார், பிறகு சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டார். அந்த ரேட்டுக்கு அந்தப் பள்ளியை எடுக்க ஆள் வரவில்லை. புது ஒப்பந்தம் அமையும்வரை அந்தப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் பெட்டிப் பாலும் கொடுத்தார்கள். ஒருநாள் நான் போனபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, “சார், கோகிலாக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்டாள். சீக்கிரம் வருவாங்க என்று சொன்னேன். பொய் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

அலுவலகத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டிறுதியில் நற்சேவைச் சான்றிதழ்கூடக் கிடைத்தது. ஒன்று மட்டும் மாறியது. அந்த நாளுக்குப் பிறகு புவான் ரோஹானா என்னிடம் ‘ஹாபிஸ்’ என்று கேட்கவே இல்லை. நான் பள்ளிக்குப் போய்வந்தால் காகிதத்தை வாங்கிக்கொள்வார், நன்றி சொல்வார். தட்டைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தாமே காரை எடுத்துக்கொண்டு போவார். அவர் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரிடமும் கைகூப்பி விடைபெற்றார், என்னிடமும் அப்படியே. நானாக வாய் திறந்து அந்த இரண்டு தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த மூங்கில் குச்சியை எனக்கு நினைவாகக் கொடுப்பார் என்று எண்ணியிருந்தேன். வேறொருவருக்குக் கொடுத்தார்.

இதோடு முடித்திருக்கலாம். இந்த ஆண்டுத் தைப்பூசத்தில் நடந்ததையும் எழுதாவிட்டால் இது பாதி உண்மைதான்.

ஈப்போவில் காவடிகள் போகும் சாலையோரம் தண்ணீர்ப்பந்தல்கள் போட்டிருந்தார்கள். நல்ல வெயில். எனக்கு இப்போது சர்க்கரை, விரதமெல்லாம் விட்டாயிற்று, சும்மா பார்க்கப் போனவன். ஒரு பந்தலில் அன்னதான வரிசை நீளமாக நின்றது, நானும் தட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். வரிசை நகர்ந்து அண்டாவின் பக்கத்தில் வந்தபோதுதான் கரண்டி பிடித்திருந்தவரைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. கோகிலா அக்கா.

விலகிப் போய்விடலாம் என்றால் பின்னால் கூட்டம் நெருக்கியது. அவரும் பார்த்துவிட்டார். அடையாளம் தெரிய ஒரு கணம் ஆனது.

“அட, மாரி சார்! நல்லா இருக்கீங்களா? ரிட்டயர் ஆயிட்டீங்களாமே?”

“நல்லா இருக்கேன்க்கா. நீங்க?”

“இருக்கோம் சார். சிம்பாங்ல, ரோட்டு முனையில, சின்னதா ஸ்டால் போட்டு ஓடுது. வருசா வருசம் இங்க வந்து சமைச்சிக் குடுத்துட்டுப் போவேன்.” பேச்சில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்கா, அன்றைக்கு நான், என்று தொடங்கினேன். உறுமி மேளம் ஒன்று நெருங்கி வந்துகொண்டிருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டதா தெரியாது. பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்த பெண் என் தட்டை வாங்கி ஒரு பெரிய அகப்பை நிறைய அள்ளினாள்.

கோகிலா அக்கா அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். “சாருக்குக் கொஞ்சமா போடும்மா. அவரு ருசி மட்டும்தான் பாப்பாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பெண்ணும் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு, அள்ளியதை அண்டாவில் கொட்டிவிட்டு, ஒரு கைப்பிடிச் சோறும் அதன்மேல் ஒரு கரண்டி சாம்பாரும் வைத்துத் தட்டை நீட்டினாள்.

பந்தலின் ஓரமாக நின்று சாப்பிட்டேன். அதே சாம்பார். இரண்டு வாயில் தீர்ந்துவிட்டது. தட்டை விரலால் வழித்தேன். பசி அப்படியே இருந்தது, வரிசையும் குறைந்திருந்தது, அண்டாவில் சோறும் இருந்தது. இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.